பீடோங்கிலிருந்து பிமாய் வரை: கப்சாயில் ஒரு பழங்கோயில் பாதை

கெடாவின் பீடோங்கில் வளர்ந்தவர்களுக்கு மெர்போக் சண்டிகள், அதாவது பழங்கோயில் சிதைவுகள், புதிதல்ல. பள்ளிச் சுற்றுலாவில் ஒரு தடவையாவது புக்கிட் பத்து பாஹாட் சண்டியைப் பார்த்திருப்போம். கருங்கல் அடித்தளம், படிக்கட்டு, மரத்தூண் நிற்கக் குழி வெட்டிய கற்கள். அவ்வளவுதான் மிச்சம். மேலே இருந்த மரமும் கூரையும் மண்ணோடு மண்ணாகிவிட்டன. 1936, 37இல் தொல்லியல் ஆய்வாளர் குவாரிச் வேல்ஸ் தோண்டிப் பார்த்ததையும், 1960இல் அலஸ்டேர் லாம்ப் கல் கல்லாக எடுத்து அடுக்கியதையும் அருங்காட்சியகத்தில் படிக்கலாம். கருவறைக்கு அடியில் கிடைத்த கல் பேழைகளும் அங்கேதான் இருக்கின்றன. ஆனால் இப்படி ஒரு கோயில் முழு உடம்போடு நின்றால் எப்படி இருக்கும் என்ற கேள்விக்கு கெடாவில் விடை இல்லை. மிச்சமிருந்ததிலும் ஒன்றை, சுங்கை பத்து பக்கம் இருந்த 11ஆம் எண் சண்டியை, 2013இல் புல்டோசர் தரைமட்டமாக்கிவிட்டது. அந்த இழப்பு இன்னும் ஆறவில்லை.

விடைக்கு கப்சாயில், அதாவது நம் ஊர்ச் சின்ன மோட்டார் சைக்கிளில், ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர் வடக்கே போக வேண்டும். தாய்லாந்தின் வடகிழக்கே ஈசான் மேட்டுநிலத்தில் பிமாய், பனோம் ருங், முவாங் தாம் என்ற மூன்று கெமர் (பழங்கம்போடிய) கோயில்கள் ஒரே வட்டாரத்தில் நிற்கின்றன. கடாரத்து, அதாவது பழைய கெடாவின், சண்டியும் இவையும் ஒரே கை வேலை இல்லை. நம்முடையது சிறியது, பெரும்பகுதி மரம். அங்கே கல்லும் செங்கல்லும். ஆனாலும் கருவறை, முன்மண்டபம், பெரும்பாலும் கிழக்கு வாயில், அபிஷேக நீர் வெளியேறும் வழி என்ற இலக்கணம் பொதுவானது. அதைப் படிக்கத் தெரிந்துகொண்டு திரும்பினால் மெர்போக்கின் அடித்தளம் வேறு மாதிரி தெரியும்.

அங்கோர் வாட் ஏன் இல்லை என்று கேட்பீர்கள். 2025 ஜூலையில் தாய்லாந்துக்கும் கம்போடியாவுக்கும் சண்டை மூண்டு, இரு நாட்டுக்கும் இடையிலான தரைவழிச் சாவடிகள் மூடப்பட்டன. அது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், பிமாய் அங்கோர் வாட்டுக்கு முந்தியது. அங்கே உச்சம் தொட்ட கோபுர வடிவத்துக்கு முன்மாதிரி பிமாய் என்று கட்டடக்கலை அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். கூட்டம் இல்லாமல், ஒரு கல்லின் முன்னால் பத்து நிமிடம் நின்று பார்க்க இதைவிட நல்ல இடம் கிடைப்பது அரிது.

எந்த மாதத்தில்

ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி கடைசி வரை. நவம்பர், டிசம்பரில் ஹட்யாயிலிருந்து சூரத்தானி வரை வளைகுடாப் பக்கம் வடகிழக்குப் பருவமழை கொட்டும், சாலை வெள்ளத்தில் மூழ்கும். மார்ச் பிற்பாதியில் ஈசானில் வெயில் 40 பாகையை நெருங்கிவிடும். ஏப்ரல் 13 முதல் 15 வரை தாய்லாந்துப் புத்தாண்டான சொங்கிரான். ஓடும் மோட்டார் மீது வாளித் தண்ணீரை வீசுவார்கள், குடித்துவிட்டு ஓட்டுபவர்களும் அதிகம். அந்த வாரம் சாலையிலேயே இருக்கக் கூடாது. ஈசானில் மழை மே முதல் அக்டோபர் வரை.

ஏப்ரல் தொடக்கத்தில் போக ஒரே ஒரு நியாயம் உண்டு. பனோம் ருங்கின் பதினைந்து வாசல்களும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றன. ஏப்ரல் 3 முதல் 5 வரையும், செப்டம்பர் 8 முதல் 10 வரையும் உதிக்கும் சூரியன் அந்தப் பதினைந்தையும் ஊடுருவித் தெரியும். மார்ச் 5 முதல் 7, அக்டோபர் 5 முதல் 7 வரை மறையும் சூரியன் அதேபோல. அதைப் பார்த்தே ஆக வேண்டும் என்பவர்களுக்கு மார்ச் முதல் வாரம் பொருத்தம். ஏப்ரலில் கூட்டமும் அதிகம், வெயிலும் அதிகம்.

மோட்டார்

பெரிய மோட்டார் தேவையில்லை. 110 முதல் 150 சிசி கப்சாய் போதும். தாய்லாந்தில் கிராமத்துக்குக் கிராமம் ஹோண்டா வேவ் ஓடுவதால் அதன் செயின், ஸ்பிராக்கெட், பிரேக் ஷூ, பல்பு, டியூப் எல்லாம் எந்தச் சின்னப் பட்டறையிலும் கிடைக்கும். இதுதான் கப்சாயின் பெரிய பலம். குரூணில் தயாராகும் மொடனாஸ் நம் ஊர்ப் பிள்ளைதான், ஆனால் அதற்கே உரிய சாமான்கள் எல்லை தாண்டினால் கிடைக்காது. திராட்டில் கேபிள், பிரேக் பேட் இரண்டையும், கைக்கிளட்ச் உள்ள மோட்டார் என்றால் கிளட்ச் கேபிளையும் கையோடு கொண்டுபோக வேண்டும்.

புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பே வேலையை முடித்துவிடுங்கள். முந்தின நாள் மாற்றிய சாமான் வழியில்தான் தன் குறையைக் காட்டும். மாற்றியபின் குறைந்தது 300 கிலோமீட்டர் ஊருக்குள் ஓட்டிப் பாருங்கள்.

செயினும் இரண்டு ஸ்பிராக்கெட்டும் ஒன்றாகவே மாற வேண்டும். தேய்ந்த ஸ்பிராக்கெட்டில் புதுச் செயின் போட்டால் பல் கொக்கிபோல வளைந்து செயினைச் சீக்கிரமே இழுத்துவிடும். தளர்வு 25 முதல் 35 மில்லிமீட்டர். சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, செயின் மிக இறுக்கமாக இருக்கும் இடத்தில் அளக்க வேண்டும். பின்னால் மூட்டை ஏறினால் சஸ்பென்ஷன் இறங்கிச் செயின் இன்னும் இறுகும். அதனால் சுமையோடு ஒரு தடவை பாருங்கள். இறுக்கிக் கட்டிய செயின் கியர்பாக்ஸ் பேரிங்கைத் தின்றுவிடும். வழியில் 500 கிலோமீட்டருக்கு ஒரு தடவையும், மழையில் நனைந்த அன்று மாலையும், செயின் சூடாக இருக்கும்போதே எண்ணெய் விட வேண்டும்.

டயர் பாதி தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். பின் டயர் 3,000 கிலோமீட்டர் சுமையோடு ஓடப் போகிறது. லாரி டயர் வெடித்துச் சிதறிய கம்பித் துணுக்குகள் நெடுஞ்சாலை ஓரமெல்லாம் கிடக்கும். பஞ்சருக்கு முதல் காரணம் அதுதான். டியூப் டயர் என்றால் முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என இரண்டு டியூப், இரண்டு டயர் கம்பி, கைப்பம்பு. டியூப்லெஸ் என்றால் ஓட்டை அடைக்கும் கயிறு பத்தும், துளைக்கும் ஊசியும், கைப்பம்பும். காற்றைக் காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போதே பார்க்க வேண்டும். சுமையோடு என்றால் மோட்டார் கையேட்டில் சுமைக்குச் சொன்ன அளவு.

எஞ்சின் எண்ணெய் புறப்படும்போது ஒரு தடவை, பிமாய்க்கு முந்தைய பெரிய ஊரான கோராட்டில் ஒரு தடவை, வீடு திரும்பியதும் ஒரு தடவை. இந்த மோட்டார்களில் பெரும்பாலானவற்றில் மொத்தமே ஒரு லிட்டருக்கும் குறைவான எண்ணெய்தான். நாள் முழுக்க 80இல் ஓடினால் கொஞ்சம் எரியும், 200 மில்லி குறைந்தாலே அது கால்வாசி. தினமும் காலையில் அளவுக்கம்பியைப் பார்க்காமல் உதைக்காதீர்கள். வழி நடுவில் இறுகி நின்றுபோகும் எஞ்சின்களில் பல இந்த ஒரு சோம்பலால் போனவை.

சார்ஜிங்கை மல்டிமீட்டரால் சோதியுங்கள். எஞ்சினை முறுக்கிப் பிடிக்கும்போது பேட்டரி முனையில் 13.8க்கும் 14.5க்கும் இடையே வோல்ட் வர வேண்டும். 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போகப்போகிறது, பல்பையும் பேட்டரியையும் சேர்த்துச் சாகடிக்கும். தொலைபேசி சார்ஜருக்குத் தனி ஃபியூஸ் போடாமல் ஒயரை முறுக்கி ஒட்டுவது கூடாது. ஹேண்டில் திரும்பும் இடத்தில் உராய்ந்து உறை கிழிந்தால் நடுச்சாலையில் எல்லா விளக்கும் அணையும்.

பின்பெட்டிதான் அதிகம் உடைவது. பெட்டியின் மேல் எழுதியிருக்கும் எடையை மதியுங்கள். தண்ணீர், சாவிகள், செருப்பு எல்லாவற்றையும் அதற்குள் திணித்தால் பெட்டித் தாங்கி பற்றவைத்த இடத்தில் விரியும். அதோடு எடை பின் அச்சுக்கும் பின்னால் போவதால் முன்சக்கரம் லேசாகி 80, 90இல் ஹேண்டில் ஆடத் தொடங்கும். கனமானதைச் சீட்டின் மேல் கட்டுங்கள், பெட்டியில் மழைச்சட்டையும் துணியும் மட்டும். தாங்கியின் நட்டுகள் நைலான் வளையம் உள்ளவையாக இருக்கட்டும், அப்படியிருந்தும் தினமும் காலையில் விரலால் அசைத்துப் பாருங்கள்.

சாவிக் கூட்டம் பெரிதாக வேண்டாம். 8, 10, 12, 14 ஸ்பானர், இரண்டு அச்சு நட்டுக்கும் பொருந்தும் பெரிய ஸ்பானர், பிளக் சாவி, ஒரு பிளக், திருப்புளி, இடுக்கி, செயின் மூட்டு இரண்டு, மெல்லிய கம்பி, ரப்பர் டேப்.

தாள்கள்

இதில்தான் பாதிப் பேர் எல்லைக்கு முந்தைய சாங்லூனிலேயே திரும்புகிறார்கள். மோட்டார் உங்கள் பெயரில் இருந்தால் பதிவுச் சான்றான கிரான் மூலப்படிவம். கடன் இன்னும் முடியவில்லை என்றால் வெளிநாடு கொண்டுபோக அனுமதிக்கும் வங்கிக் கடிதம். அப்பா பெயரிலோ அண்ணன் பெயரிலோ இருந்தால் அவருடைய அனுமதிக் கடிதமும் அடையாள அட்டை நகலும். சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜே தரும், மோட்டாரை வெளிநாட்டில் ஓட்டுவதற்கான ஐசிபி சிறுபுத்தகத்தை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். சாலை வரியான ரோட்டெக்ஸ் பயணத்தின் நடுவில் முடியக்கூடாது. கடப்பிதழில் ஆறு மாதமாவது மிச்சம் இருக்க வேண்டும். மலேசிய ஓட்டுநர் உரிமம் ஆசியான் நாடுகளின் 1985ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி தாய்லாந்தில் செல்லும். ஆனால் 250 சிசி வரைக்கான பி2 உரிமம் வைத்திருப்பவர் அதற்கு மேல் ஓட்டினால் எந்தக் காப்புறுதியும் கைகொடுக்காது.

தாய்லாந்தின் கட்டாய மூன்றாம் தரப்புக் காப்புறுதியை எல்லைக்கு முன்னால் சாங்லூன், புக்கிட் காயூ ஹீத்தாம் கடைகளில் வாங்கலாம். அது அடிபட்டவருக்குச் சிறு தொகை, அவ்வளவுதான். உங்கள் மருத்துவச் செலவுக்குத் தனிப் பயணக் காப்புறுதி வேண்டும், அதில் மோட்டார் ஓட்டுவதை விலக்கியிருக்கிறார்களா என்று படித்துவிட்டு வாங்குங்கள். 2025 மே முதல் தாய்லாந்தின் மின்வருகை அட்டையை இணையத்தில், நுழைவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும்.

குடிநுழைவு முடிந்ததும் சுங்கத்தில் மோட்டாருக்குத் தற்காலிக இறக்குமதித் தாள் எழுதுவார்கள். பலர் கூட்டத்தைப் பார்த்து அதை விட்டுவிட்டு நேரே ஹட்யாய் போய்விடுவார்கள். வாங்காமல் நகராதீர்கள். பதிவு எண், சேசிஸ் எண், எஞ்சின் எண் மூன்றையும் அங்கேயே கிரானோடு ஒப்பிடுங்கள். எழுத்துப்பிழையைத் திருத்த அந்த மேசைதான் இடம். எந்தத் தேதிக்குள் மோட்டார் வெளியேற வேண்டும் என்பதும் அதில் இருக்கும்.

சாலை

பீடோங்கிலிருந்து எல்லை நூறு கிலோமீட்டருக்குள். எல்லையிலிருந்து ஹட்யாய் இன்னும் ஒரு மணி நேரம். அதன்பின் 4ஆம் எண் சாலையில் பத்தலுங், அங்கிருந்து 41ஆம் எண்ணில் சூரத்தானி, சும்போன், மறுபடி 4ஆம் எண்ணில் பெட்சபுரி, நக்கோன் பத்தோம். பட்டாணி, யாலா, நாராத்திவாட் பக்கம் இறங்க வேண்டாம். நாளுக்கு 350 கிலோமீட்டர், மிஞ்சினால் 400. அதற்கு மேல் ஓட்டினால் நாலாம் நாள் கைவிரல் மரத்துப்போகும், கோயிலுக்குப் போய்ச் சேரும்போது பார்க்கத் தெம்பு இருக்காது.

முதல் நாளே பலர் மாட்டிக்கொள்வது நேரக் கணக்கில். தாய்லாந்துக் கடிகாரம் நமக்கு ஒரு மணி நேரம் பின்னால். கெடாவில் ஏழரைக்கு இருட்டும் பழக்கத்தில் ஓட்டினால், அங்கே ஆறு மணி தாண்டியதும் இருள் சூழ்ந்துவிடும். காலை ஆறரைக்குக் கிளம்பி, நாலு மணிக்குள் தங்குமிடம் பிடியுங்கள். இரவில் நாய், விளக்கில்லாத டிராக்டர், எதிர்த்திசையில் ஓரமாக வரும் மோட்டார் மூன்றும் வரும்.

பகலில் கவனிக்க வேண்டியது யூ வளைவு. நெடுஞ்சாலையின் நடுத்திட்டில் இடைவெளி விட்டிருப்பார்கள். எதிர்ப்பக்க வாகனம் அங்கே திரும்பி நம் வலது பாதைக்குள், அதாவது வேகப் பாதைக்குள், நுழையும். நீண்ட லாரி என்றால் மூன்று பாதையையும் அடைத்துக்கொள்ளும். வளைவுப் பலகையைப் பார்த்ததும் வேகத்தைக் குறைத்து இடப்பக்கம் இருங்கள். எதிரே வருபவர் விளக்கை மின்னினால் "நீ போ" என்று பொருளில்லை, "நான் வருகிறேன், ஒதுங்கு" என்று பொருள்.

எண்ணெய் நிலையத்தில் எத்தனால் கலந்த பெட்ரோலான கேசோஹால் 95 போடுங்கள். கார்புரேட்டர் உள்ள பழைய ஹோண்டா இஎக்ஸ்5 போன்றவற்றுக்கு எத்தனால் அதிகமான இ20, இ85 ஆகாது. எத்தனால் ரப்பர் வளையங்களை ஊதவைக்கும், கலவை மெலிந்து எஞ்சின் சூடேறும். நாலு லிட்டர் தொட்டியில், சுமையோடு லிட்டருக்கு 40 என்று வைத்தால் 160 கிலோமீட்டரில் காலி. 120க்கு ஒரு தடவை நிரப்புங்கள். விலை நம் மானிய விலையைவிட நிறைய அதிகம், கணக்கில் வையுங்கள்.

பேங்காக்குக்குள் நுழையவே கூடாது. விரைவுச்சாலை, மோட்டார்வே எதிலும் மோட்டாருக்கு அனுமதியில்லை. வழிகாட்டிச் செயலியில் மோட்டார்வேயைத் தவிர்க்கும் அமைப்பைப் போடாவிட்டால் அது உங்களை நேரே அதன் மேல் ஏற்றிவிடும். நக்கோன் பத்தோமிலிருந்து சுபான்புரி, அயூத்தயா, சரபுரி என்று வளைந்து போனால் நகரமே கண்ணில் படாது. சரபுரியிலிருந்து 2ஆம் எண் மித்ரபாப் சாலை மேட்டில் ஏறி பாக் சோங் வழியாகக் கோராட் போகிறது. ஏற்றத்தில் லாரிகள் ஊரும். முந்தும்போது அவற்றுக்கும் நடுத்திட்டுக்கும் இடையில் சிக்கிவிடக் கூடாது.

வழியில் இரண்டு நிறுத்தம்

முதலாவது சைய்யா, 41ஆம் எண் சாலைக்குச் சற்று உள்ளே. அங்குள்ள பொரொம்மதாட் தூபி ஸ்ரீவிஜயக் காலத்து வடிவத்தை இன்றும் வைத்திருப்பது. அருகிலேயே வாட் கேவ் என்ற செங்கல் கட்டடம், சம்பா நாட்டுக் கோபுரங்களை ஒத்தது. கடாரத்தோடு ஒரே கடல் வலையில் இருந்த ஊர் இது. இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி கடாரத்தோடு சேர்த்து அடுக்கும் மாதமாலிங்கம் இந்தக் கரையில் சற்றுத் தெற்கே, இன்றைய நக்கோன் சி தம்மராட் பக்கம். எதிர்க்கரையில் தலைத்தக்கோலம் என்று கருதப்படும் தக்குவா பா. அவனிநாரணம் என்ற குளத்தையும் மணிக்கிராமத்தார் என்ற வணிகக் குழுவையும் பேசும் தமிழ்க் கல்வெட்டு அங்கே கிடைத்தது. தமிழ் வணிகர்கள் கால்நடையாக இந்தக் குறுகிய நிலத்தைக் கடந்ததாகக் கருதப்படும் இடத்தைத்தான் இப்போது மோட்டாரில் கடக்கிறோம்.

இரண்டாவது பெட்சபுரியில் வாட் கம்பேங் லேங். செம்புரைக்கல்லால் கட்டிய கெமர் கோபுரங்கள். தெற்கே இவ்வளவு தூரம் வந்து நிற்கும் கெமர் கட்டடம் வேறில்லை. செம்புரைக்கல் தோண்டும்போது மென்மையாக இருந்து காற்றுப் பட்டால் இறுகும். ஆனால் துளை நிறைந்தது, நுண்ணிய சிற்பம் அதில் நிற்காது. அதனால் மேலே சுதை பூசி வடிவம் எடுத்தார்கள். சுதை உதிர்ந்த இடமும் ஒட்டியிருக்கும் இடமும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் தெரியும். இதைப் பார்த்துவிட்டுப் போனால் பிமாயின் மணற்கல் ஏன் அவ்வளவு வேறானது என்று புரியும்.

பிமாய்

கோராட்டிலிருந்து 60 கிலோமீட்டர். 11ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுந்த மகாயான பௌத்தக் கோயில். வாசல் நிலைக்கல்லில் 1108ஆம் ஆண்டுக் கல்வெட்டு இருக்கிறது. நடுக்கோபுரம் வெண்மணற்கல், ஏறத்தாழ 28 மீட்டர் உயரம். முன்னால் இருபுறமும் சிவப்பு மணற்கல்லில் ஒன்றும் செம்புரைக்கல்லில் ஒன்றுமாக இரண்டு சிறு கோபுரம். மூன்று கல்லையும் ஒரே முற்றத்தில் ஒப்பிடலாம்.

கெமர் கோயில்கள் பெரும்பாலும் கிழக்கு நோக்கியவை. பிமாய் தென்கிழக்குச் சாய்வாகத் தெற்கு நோக்கியது, அதாவது அங்கோரிலிருந்து வரும் சாலையை நோக்கியது. ஊரின் தெற்கே இருக்கும் வெற்றிவாசலில் மோட்டாரை நிறுத்தி, அங்கிருந்து நடந்து கோயிலுக்குள் போங்கள். வண்டிநிறுத்தத்திலிருந்து நுழைந்தால் இந்த நேர்கோடு தவறிவிடும்.

பௌத்தக் கோயில்தான், ஆனால் மண்டபத்தின் தென்முகப்பில் சிவன் ஆடுகிறார். வெளிச்சுவர் உத்திரக்கற்களில் இராமாயணம். நாகபாசத்தில் கட்டுண்ட இராமலக்குவரை நம்மவர்கள் யாரும் சொல்லித்தராமலே கண்டுகொள்வார்கள். உள்ளே கருவறைப் பக்கம் திரும்பினால் புத்தரின் கதைகள். வெளியே ஒன்று, உள்ளே ஒன்று என்ற இந்த அடுக்கைக் கவனித்தபடி சுற்றினால் ஒரு காலைப்பொழுது போதாது.

கட்டுமானத்தைப் பாருங்கள். கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் சாந்து கிடையாது. ஒன்றின்மேல் ஒன்றைத் தேய்த்துப் பொருத்தினார்கள், இழுத்துப் பிடிக்க இரும்புக் கவ்விகள். கவ்வி பிடுங்கப்பட்ட இடங்களில் ஆங்கில ஐ (I) எழுத்து வடிவப் பள்ளம் தெரியும். கற்களின் முகத்தில் உள்ள வட்டத் துளைகள் முளை அடித்துக் கயிறு கட்டித் தூக்கியவை. கூரை உண்மையான வளைவு இல்லை, ஒவ்வொரு வரிசையையும் கொஞ்சம் உள்ளே தள்ளி அடுக்கி நடுவில் முட்டவைத்தது. அந்த முறையில் அகலம் கூட்ட முடியாது. தாழ்வாரங்கள் எல்லாம் குறுகலாக இருப்பதற்குக் காரணம் அதுதான். மழைநீர் இடுக்கில் இறங்கி அடித்தளம் அமுங்கினால் முழு வரிசையும் சரியும். 1960களில் கோபுரத்தைக் கழற்றி, ஒவ்வொரு கல்லுக்கும் எண்ணிட்டு, அடியை உறுதிப்படுத்தி மீண்டும் அடுக்கினார்கள். மெர்போக்கில் லாம்ப் செய்ததும் இதே வகை வேலைதான்.

பழைய சாலை, பனோம் ருங், முவாங் தாம்

பிமாயிலிருந்து அங்கோருக்கு ஓர் அரசுச் சாலை இருந்தது. கெமர் மன்னன் ஏழாம் ஜெயவர்மனின் 1191ஆம் ஆண்டு பிரேயா கான் கல்வெட்டு அந்தச் சாலையில் 17 தங்குமடங்களைக் குறிப்பிடுகிறது. கல்வெட்டு அவற்றை நெருப்பு வீடுகள் என்கிறது. நாட்டில் 102 மருத்துவசாலைகளையும் அதே மன்னன் சொல்கிறான். பனோம் ருங் அடிவாரத்திலும் முவாங் தாம் அருகிலும் குட்டி ருசி என்று அழைக்கப்படும் சிறு கட்டடங்கள் அந்த மருத்துவசாலைகளின் கோயில்கள். தங்குமடத்துக்கு எடுத்துக்காட்டு பான் பு, இப்போது ஒரு பள்ளிக்கூட வளாகத்துக்குள் இருக்கிறது. செம்புரைக்கல் கூடம், மேற்கு ஓரத்தில் சிறு கோபுரம், சன்னல் தெற்குப் பக்கம் மட்டும். சுற்றுலா வண்டிகள் இங்கே நிற்பதில்லை. நீண்ட சாலையில் வருபவர்களுக்காகக் கட்டிய இந்த வீட்டைப் பார்க்காமல் போவது இந்தப் பயணத்தின் பாதியை விடுவதற்குச் சமம். தூசியோடு வந்து இறங்கும் மோட்டார்காரருக்கு அது என்ன செய்தது என்று விளக்கத் தேவையிராது.

நாங் ரோங் ஊரில் தங்குங்கள். 24ஆம் எண் சாலையில் இருக்கிறது, மலிவான அறைகள் உண்டு, பனோம் ருங் அரை மணி நேரம். அணைந்த எரிமலையின் விளிம்பில் நிற்கும் சிவன் கோயில் அது. கிழக்குப் பக்கத்து வாயிலில் நுழையுங்கள், பின்பக்கத்து வண்டிநிறுத்தம் படி குறைவானது என்பதற்காக அங்கே போகாதீர்கள். 160 மீட்டர் ஊர்வலப் பாதை, இருபுறமும் தாமரை மொட்டுக் கல்தூண்கள், ஐந்து தலை நாகப் பாலம், அதன்பின் படி படியாக ஏற்றம். ஏற ஏறத்தான் கோபுரம் முழுதாகத் தெரியும். அந்த வரிசையைத் திட்டமிட்டே கட்டியிருக்கிறார்கள்.

கிழக்கு முகப்பில் ஆடும் சிவன், அதன் கீழ் உத்திரக்கல்லில் அனந்தன்மேல் பள்ளிகொண்ட திருமால். அந்த உத்திரக்கல் 1960களில் திருடுபோய் சிகாகோவின் கலைக்கூடத்தில் இருந்தது. தாய்லாந்து மக்கள் தொடர்ந்து குரல் கொடுத்து 1988இல் மீட்டார்கள். விரிசல் கோடுகள் இன்றும் தெரியும். உள்ளே கருவறையில் இலிங்கம். அபிஷேக நீர் கல்வாய்க்கால் வழியே வடக்கே இறங்கும். நம் கோயிலில் கோமுகி எந்தப் பக்கமோ அதே பக்கம். பாட்டி கையைப் பிடித்துக்கொண்டு கோமுகித் தீர்த்தம் தொட்டவர்கள் அங்கே கொஞ்ச நேரம் நிற்பார்கள்.

முவாங் தாம் மலையடியில், 8 கிலோமீட்டர் தள்ளி. உயரமில்லை, ஆனால் அமைதியில் மூன்றிலும் முதல். நான்கு மூலையிலும் எல் வடிவத் தாமரைக் குளங்கள், கரைமேல் நாகம் படுத்திருக்கும். உள்ளே ஐந்து செங்கல் கோபுரம். மாலை வெயில் சாயும்போது குளத்தில் அலை இல்லாமல் இருந்தால், மணற்கல் மதிலின் நிழலைத் தண்ணீரில் பார்க்கலாம். பனோம் ருங்கைக் காலையிலும் இதைப் பின்மதியத்திலும் வைத்துக்கொள்ளுங்கள்.

இவற்றுக்குத் தெற்கே எல்லையை ஒட்டிய தா முவென் தோம் கோயில் பக்கம் இப்போது போக வேண்டாம். 2025இல் சண்டை வெடித்ததே அந்த வட்டாரத்தில்தான். 24ஆம் எண் சாலைக்குத் தெற்கே இறங்கும் முன் அந்த வாரச் செய்தியைப் பாருங்கள், விடுதிக்காரரிடமும் கேளுங்கள்.

திரும்பும்போது

கோராட்டில் எண்ணெய் மாற்றும்போது பின் பிரேக்கின் தேய்மானக் குறியையும், முன் பேடின் தடிமனையும் பார்த்துவிடுங்கள். 2 மில்லிமீட்டருக்குக் குறைந்திருந்தால் அங்கேயே மாற்றுங்கள், பாக் சோங் இறக்கம் அடுத்து வருகிறது. பின்சக்கரத்தை இருபுறமும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். டக் டக் என்று ஆடினால் பேரிங் போகிறது. அதைக் கோராட்டில் மாற்றுவது அரைமணி வேலை, சும்போன் வழியில் ஒரு நாள் வேலை. மொத்தம் பன்னிரண்டு நாள் விடுப்பு வைத்துக்கொண்டால் போக நாலு, பார்க்க மூன்று, வர நாலு, மழைக்கோ பஞ்சருக்கோ ஒன்று.

எல்லையில் தாய்லாந்துக் குடிநுழைவு முத்திரை விழுந்ததும் அப்படியே மலேசியப் பக்கம் உருட்டிவிடாதீர்கள். சுங்க மேசைக்குப் போய்த் தற்காலிக இறக்குமதித் தாளை ஒப்படைத்து, மோட்டார் வெளியேறியதாகப் பதிவாகிறதா என்று பார்த்துவிட்டு நகருங்கள். ஒப்படைக்காமல் வந்தால் அவர்கள் கணக்கில் மோட்டார் இன்னும் அங்கேதான் இருக்கும், கெடு தேதி தாண்டியதும் அபராதம் நாள் கணக்கில் ஏறும். அடுத்த தடவை சாவடியில் பதிவு எண்ணைத் தட்டும்போதுதான் அது தெரியவரும். தாளைக் கொடுக்குமுன் ஒரு படம் எடுத்துத் தொலைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள்.